பெட்டியில் மூன்றாம் பாகம்

தம்பிதுரை கோட்டைமேட்டு பைண்டிங் கடையில் கால் வைத்ததும் அப்துல் வஹீது ராவுத்தர் பசைச் சட்டியை ஓரமாக நகர்த்தினார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து பின்கட்டுக்குப் போனார். அங்கிருந்த ஒன்பது கோணிச் சாக்குகளையும் ஒவ்வொன்றாக இழுத்துவந்து கடை நடுவில் போட்டார்.

“வாங்க தம்பி. இன்னிக்கு நீங்களே பாத்துப்போடுங்க. பைண்டு பண்ணினது, பண்ணாதது, பொட்டலம் கட்டப் போறது எல்லாம் இதுக்குள்ள இருக்குது. அந்த மூணாவது பாகம் கெடைச்சா என்னை நாலு அறை அறைஞ்சுபோட்டு எடுத்துட்டுப் போங்க.”

“நான் அப்படிச் சொல்லலீங்க, ராவுத்தரே.”

“வாயில சொல்லலீங்க. வாராவாரம் வந்து என்ற அலமாரியையே பாத்துட்டு நிக்கறீங்களே, அதுக்கு என்ன அர்த்தமுங்க? பத்து மாசமா நிக்கறீங்க. நான் என்ன கரையானுங்களா, பொஸ்தகத்தைத் திங்க?”

தம்பிதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்து முதல் சாக்கைப் பிரித்தான். நிஜமாகவே பிரிப்பான் என்று ராவுத்தர் எதிர்பார்க்கவில்லை. அவர் முகம் சுருங்கியது. பசைச் சட்டிக்கே திரும்பினார்.

ஒன்பது சாக்கும் பார்த்தாகிவிட்டது. புத்தகம் இல்லை. தம்பிதுரை எல்லாவற்றையும் இருந்தபடியே கட்டிவைத்தான். தூசியில் இரண்டு தும்மல் போட்டான்.

“இல்லீங்க,” என்றான்.

“நீங்க ரெண்டுதான் குடுத்தீங்க. ரெண்டும் திருப்பிக் குடுத்துட்டேன். அன்னிக்கும் அதுதான் சொன்னேன்,” என்றார் ராவுத்தர், தலையைத் தூக்காமல்.

சிலர் புறா வளர்க்கிறார்கள். சிலர் சேவல். தம்பிதுரை ஆங்கிலப் பேய்க்கதைப் புத்தகங்கள் சேர்த்தான். பி.ஏ. படிக்கச் சென்னைக்குப் போனபோது மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் தொற்றிய பழக்கம். பேயை அவன் நம்பியதில்லை. பாழடைந்த கோட்டை, சுருள் படிக்கட்டு, பூட்டிய அறை என்று இருக்க வேண்டும். புத்தகம் பழையதாக இருக்க வேண்டும். தோல் அட்டை என்றால் நல்லது. முதல் பக்கத்துக்கு எதிரே செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் இருந்தால் ரொம்ப நல்லது.

ஊர் திரும்பி, அவினாசி ரோட்டில் ஒரு பஞ்சாலையில் ஆங்கிலக் கடிதம் எழுதும் வேலையில் உட்கார்ந்த பிறகும் பழக்கம் விடவில்லை. ராவுத்தர் விட விடவில்லை என்று சொல்வது பொருந்தும். குன்னூரிலும் வால்பாறையிலும் சீமைக்குத் திரும்பும் துரைமார் பங்களாச் சாமான்களை ஏலம் போடுவார்கள். நாற்காலியும் கட்டிலும் போனபின் மிஞ்சுகிற காகிதம் மூட்டை மூட்டையாகக் கோட்டைமேட்டுக்கு இறங்கும். ராவுத்தருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் பேய்ப் புத்தகத்தைப் பிரித்தெடுக்க அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். படத்தில் நிலா இருக்க வேண்டும். பெண் தலைவிரி கோலமாக இருக்க வேண்டும். அவள் கையில் விளக்கும் இருந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். பத்துக்கு ஏழு சரியாகவே வந்தது. ஒரு தடவை மண்டையோட்டுப் படம் போட்ட புத்தகம் ஒன்றை, “இது அசல் பேயி தம்பி” என்று துணியில் சுற்றி எடுத்துவைத்திருந்தார். அது பல் வைத்தியப் புத்தகம். தம்பிதுரை அதையும் வாங்கிக்கொண்டான். வீட்டில் அதற்கு இருபத்தாறு என்று எண் ஒட்டி அலமாரியில் வைத்தான்.

அலமாரியில் இப்போது நாற்பத்தொன்று வரை எண் இருந்தது. முப்பத்தைந்து மட்டும் இல்லை. முப்பத்து நான்குக்கும் முப்பத்தாறுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தான்.

முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு, முப்பத்தைந்து மூன்றும் ஒரே நாவல். நூறு வருஷத்துக்கு முந்தைய லண்டன் அச்சு. அந்தக் காலத்தில் அங்கே நாவல்களை மூன்று பாகமாகத்தான் போடுவார்களாம். வடகோபுரத்து வாரிசு என்று தமிழில் பெயர் சொல்லலாம். மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம். ஒன்று தொலைந்தால் மற்ற இரண்டும் இருந்து பிரயோசனமில்லை.

தம்பிதுரைக்கு அந்த மூன்றாம் பாகம் வேண்டும். இந்த உலகத்தில் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிய பொருள் அது ஒன்றுதான். மற்றபடி மணி அடித்ததும் ஆபீஸ் போனான். நேரமானதும் சாப்பிட்டான். ராவுத்தர் புத்தகம் கொடுத்தால் வாங்கினான், எண் போட்டான், அடுக்கினான். ஒன்றையும் திறந்து படிக்கவில்லை. அவன் மனைவி ராசாத்தாள் இறந்து இந்த ஆடியோடு ஒரு வருஷம்.

ராசாத்தாள் தொண்டாமுத்தூர்த் தோட்டத்துப் பெண். தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். கல்யாணமான புதிதில், இந்தப் புத்தகங்களில் என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். சொன்னான். அதன்பின் விட மாட்டேன் என்றாள். தினமும் விளக்கு வைத்ததும் அவன் புத்தகத்தைப் பிரித்து வரிவரியாகத் தமிழில் சொல்ல வேண்டும். அவள் எதிரே உட்கார்ந்து காய் நறுக்குவாள், அல்லது உளுந்து புடைப்பாள். ஒரு நிபந்தனை. அவனும் முன்னாடி படித்திருக்கக் கூடாது.

“நீங்க மின்னாலயே படிச்சுட்டு வந்து சொன்னா மொகத்துல தெரிஞ்சுபோவுதுங்க. பயப்படற எடத்துல பயப்பட மாட்டேங்கறீங்க,” என்றாள்.

வடகோபுரத்து வாரிசு அவளுக்கு ரொம்பப் பிடித்தது. தாய்தகப்பன் இல்லாத ஒரு பெண் தன் சித்தப்பனின் கோட்டைக்கு வருகிறாள். வடக்குக் கோபுரத்தில் ஓர் அறை முப்பது வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் அந்த அறைக்குள் யாரோ திருகை சுற்றுகிற சத்தம் கேட்கிறது.

“ஏனுங்க, பேயிக்குப் பசிக்குமுங்களா?” என்று கேட்டாள் ராசாத்தாள்.

“பசிக்காது.”

“அப்பறம் எதுக்கு அரைக்குது? சேரி, அரைக்கட்டும். முப்பது வருசமா அரைச்ச மாவு எங்கீங்க? கதவுச் சந்துல துளியாச்சும் சிந்தியிருக்கோணுமல்லொ?”

மாவைப் பற்றி அந்த நாவலாசிரியர் எங்கும் சொல்லவில்லை. தம்பிதுரையும் யோசித்திருக்கவில்லை.

இரண்டாம் பாகம், அந்தப் பெண் திருட்டுத்தனமாகச் சாவியை எடுத்துவந்து பூட்டில் போட்டுத் திருப்புவதோடு முடிந்தது. அது ஒரு சனிக்கிழமை. மறுநாள் மத்தியானம் ராசாத்தாள் கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். தம்பிதுரை மூன்றாம் பாகத்தை எடுத்து நின்றவாக்கிலேயே நான்கு பக்கம் படித்தான். வாளிச் சத்தம் நின்றதும் மூடி வைத்துவிட்டான்.

பொழுதோடு விளக்கு வைத்து உட்கார்ந்தார்கள். அவன் முதல் வரியைச் சொல்வதற்குள் ராசாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“படிச்சுப்போட்டீங்க.”

“இல்லையே.”

“மொகத்துல தெரியுதுங்க. இன்னிக்குக் கதை வேண்டாம்.”

நாலு பக்கம்தான் என்று அவன் ஒப்புக்கொண்டும் அவள் இரங்கவில்லை.

மூன்றாம் நாள் அவளை ஆடிக்கு அழைத்துப்போக அவள் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அவள் தன் மரப்பெட்டியோடு போனாள். போன ஏழாம் நாள் காய்ச்சல் கண்டது. தம்பிதுரை போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பேச்சு இல்லை. பதினோராம் நாள் முடிந்துவிட்டது.

அவள் ஊருக்குப் போயிருந்த வாரத்தில்தான் நாவலின் முதுகுத்தோல் பெயர்ந்திருந்ததென்று, இருந்ததை அப்படியே ஒரு துணியில் சுற்றி ராவுத்தரிடம் கொடுத்திருந்தான். எத்தனை என்று எண்ணவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து வாங்கிவந்து பிரித்தால் இரண்டுதான் இருந்தன. ராசாத்தாள் எடுத்திருப்பாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. படிக்கத் தெரியாத புத்தகத்தை அவள் என்ன செய்வாள்? ராவுத்தர்மேல்தான் சந்தேகம் போயிற்று.

சாக்குகளைக் கிளறிவிட்டு வந்த நாலாம் நாள் அவன் மாமனார் அப்புசாமி ஆலை வாசலுக்கு வந்தார். கையில் இரண்டு தேங்காய். ஆபீஸ் ஆள் வந்து சொல்ல, தம்பிதுரை வெளியே போனான்.

“ஏனுங்க மாப்ளெ, சொகமுங்களா?”

“இருக்கறனுங்க, மாமா.”

“எளைச்சுப்போட்டீங்க. ஓட்டல் சோறு பாருங்க.” தேங்காயைக் கொடுத்தார். “வர்ற வெள்ளிக்கெழமை பொட்டி தொறக்கறமுங்க. நீங்க வராம ஆவாது. உங்க அத்தை கண்டிப்பாச் சொல்லியுட்டா.”

பூவும் பொட்டுமாக இறந்துபோன பெண்ணை அந்த வீடுகளில் சும்மா விட்டுவிடுவதில்லை. அவள் கட்டிய சேலை, வளையல், சீப்பு எல்லாவற்றையும் அவளுடைய பெட்டியிலேயே வைத்துப் பூட்டுவார்கள். வருஷத்தில் ஒருநாள் திறந்து, விளக்கேற்றி, பொங்கல் வைத்துக் கும்பிடுவார்கள். புடவைக்காரி என்று பேர். புகுந்த வீட்டில்தான் வைக்க வேண்டும். தம்பிதுரைக்குத் தாய் இல்லை. வாடகை வீட்டில் தனியாக இருப்பவன். அதனால் பிறந்த வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். இதைப் பற்றி அவனுக்குத் தனியாக அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. போகாமலிருக்க வழி இருக்கிறதா என்று மட்டும் யோசித்தான்.

“அப்பறம் மாப்ளெ, பொட்டிக்குள்ள உங்க இங்கிலீசுப் பொஸ்தகம் ஒண்ணும் இருக்குதுங்க. அதுக்கும் பொட்டு வெச்சுத்தான் பூட்டி வெச்சிருக்கறா உங்க அத்தை,” என்றார் அப்புசாமி.

தம்பிதுரை தேங்காயைக் கீழே வைத்தான். “எத்தனை பெரிசுங்க?”

அப்புசாமி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். “இத்தாச்சோடு இருக்கும்.”

“தோல் அட்டைங்களா?”

“பழுப்புத் தோலுங்க. முதுகுல ஒண்ணு ரெண்டு மூணுன்னு மூணு கோடு போட்டிருக்குது.”

“மாமா, அதை எனக்குக் குடுத்துருங்க.”

அப்புசாமி பிடரியைச் சொறிந்தார். “பொட்டிக்குள்ள போனது அவளோடதுங்க, மாப்ளெ. நான் எப்படிங்க எடுக்கறது? வாங்க. வந்து உங்க அத்தையக் கேளுங்க.”

வெள்ளிக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தொண்டாமுத்தூர் பஸ்ஸில் ஏறினான். இறங்கித் தோட்டத்துக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். ஆடிக்காற்று மேற்கே கணவாயிலிருந்து புறப்பட்டு வந்து வேட்டியைக் காலோடு சுற்றியது. வழியில் மூன்று தென்னைகள் சாய்ந்து கிடந்தன. குருத்து மட்டும் தின்னப்பட்டிருந்தது. முந்தைய நாள் யானை வந்திருக்க வேண்டும்.

வீட்டில் ஒறம்பரை என்று உறவுக்காரர் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக இருந்தவள் அப்புசாமியின் அக்கா சுப்பாத்தாள்.

“வாங்க மாப்ளெ! ஒரு வருசமா எட்டிப் பாக்கலை. பொஸ்தகம்னதும் பஸ் புடிச்சு வந்துட்டீங்களா?”

“ஆமாங்க,” என்றான் தம்பிதுரை. பொய் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. சுப்பாத்தாள் தண்ணீர்ச் சொம்பை எடுத்து நீட்டினாள்.

உள்ளறையில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். பச்சைச் சேலை. கண்ணாடி வளையல் ஒரு டஜன். மரச்சீப்பு. சேலைக்கு மேல் புத்தகம். அட்டை நடுவில் குங்குமம், நான்கு மூலையிலும் மஞ்சள். மஞ்சள் தண்ணீர் தெளித்த ஈரம் தோலில் இன்னும் காயவில்லை. முதலில் தம்பிதுரைக்குத் தெரிந்தது கறை. அடுத்தபடியாக, முதுகின் கீழ் ஓரத்தில் பூஞ்சை வெள்ளை. இன்னும் இரண்டு ஆடி தாங்காது என்று கணக்குப் போட்டான். சேலையைப் பார்க்கவில்லை.

மாமியார் காளியாத்தாள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“அத்தை, அந்தப் புஸ்தகம் எனக்கு வேணுமுங்க. மத்த ரெண்டு பாகம் என்கிட்ட இருக்குது. இது இல்லாம அது முடியாதுங்க.”

“தெரியுமுங்க மாப்ளெ. அவ வந்து எறங்கினதும் இதைத்தான் மொதல்ல காட்டினா. இவிய எனக்குத் தெரியாம மின்னாடியே படிக்கறாங்கம்மா, அதுதான் சொல்லாம தூக்கிட்டு வந்துட்டேன்னு சிரியாச் சிரிச்சா. ஆடி கழிஞ்சு போயி ரெண்டு பேருமாப் படிக்கோணும்னா.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அவ ஒளிச்சு வெச்சதை நான் எப்படிங்க எடுத்துக் குடுப்பேன்? அவளையே கேட்டுப்போடலாம்.”

பூப்போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அந்தப் பக்கத்தில் கிணறு வெட்டுவதிலிருந்து பெண் எடுப்பதுவரை அதைக் கேட்காமல் செய்ய மாட்டார்கள். பெட்டி மூடியின் உட்புறத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருந்தது. மூடி திறந்து சுவரில் சாய்ந்து நின்றது. காளியாத்தாள் இரண்டு அரளிப் பூவைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் ஒட்டினாள்.

“வலப்பக்கத்துப் பூ உழுந்தா குடுக்கறா. எடப்பக்கம்னா இல்லை.”

“யாருக்கு வலம்? நமக்கா, அவளுக்கா?” என்று கேட்டாள் சுப்பாத்தாள்.

“சாமிக்குத்தான்.”

“பொட்டிக்கு ஏது சோத்துக்கையி?” என்றார் அப்புசாமி.

“சேரி, சன்னல் பக்கத்துப் பூ உழுந்தா குடுக்கறா. கதவுப் பக்கத்துப் பூ உழுந்தா இல்லை. போதுமா? அக்காளும் தம்பியும் வாயை வெச்சுட்டுச் சும்மா நில்லுங்க.” காளியாத்தாள் திரும்பினாள். “மாப்ளெ, அந்தச் சன்னல் கதவைச் சித்தெ அமுத்திப் புடிச்சுக்குங்க. கொக்கி போச்சுது. காத்துல வெளக்கு அமந்துபோகும்.”

தம்பிதுரை சன்னல் ஓரம் போய் நின்று, மரக்கதவை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். வெளியே காற்று அதைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

காளியாத்தாள் கும்பிட்டாள். “கண்ணு, மாப்ளெ பொஸ்தகம் கேக்கறாங்க. குடுக்கறதா, வேண்டாமா, நீயே சொல்லு.”

எல்லாரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். பூ இரண்டும் அசையவில்லை.

ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று. பின்னால் நின்றவர்கள் மெதுவாக யானையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஒற்றைக் கொம்பன்தான் என்றார் ஒருவர். கொம்பே இல்லை, மக்னா என்றார் இன்னொருவர். நீ எந்திரிச்சு வெளியிலயே வரலையே, உனக்கெப்படித் தெரியும் என்று சுப்பாத்தாள் கேட்டாள். பொங்கல் அடிப்பிடித்த வாசனை வந்தது. ஒரு பெண் அவசரமாக அடுப்படிக்குப் போனாள்.

தம்பிதுரைக்குக் கை கடுத்தது. கதவை அப்படியே பிடித்துக்கொண்டு யோசித்தான். பூ கனம். தண்ணீர் உலர்ந்தால் விழும். எது முதலில் உலர்கிறதோ அது முதலில். இதில் சொல்வதற்கு யாரும் இல்லை. சன்னல் பக்கத்துப் பூ அவன் கையிலிருந்து இரண்டு முழத்தில் இருந்தது. கையை ஒரு விரற்கடை தளர்த்தினால் போதும். விளக்கு அணையாது. அந்தக் காற்றுக்கு அந்தப் பூ நிற்காது. ஒருவருக்கும் தெரியாது. புத்தகத்தை மத்தியான பஸ்ஸிலேயே கொண்டுபோய்விடலாம். நாளைக்கு ராவுத்தரிடம் கொடுத்து மஞ்சளைத் துடைக்கச் சொல்லலாம். முப்பத்தைந்து.

கண்ணாடியில் இரண்டு பூவுக்கும் நடுவில் அவன் முகம் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான்.

பிறகு மற்றக் கையையும் சன்னல் கதவில் வைத்து அழுத்தினான்.

இன்னும் சிறிது நேரம் கழித்துக் கதவுப் பக்கத்துப் பூ மெல்ல நழுவி, பச்சைச் சேலையின்மேல் விழுந்தது.

சுப்பாத்தாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “குடுக்க மாட்டேங்கறா பாத்தியா, ராங்கிக்காரி!”

“உசுரோட இருக்கறப்பவே ஒரு சாமானம் அவ கையிலிருந்து புடுங்க முடியாது. இப்பப் போயிக் கேட்டா?” என்றார் அப்புசாமி. சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தம்பிதுரை கதவை விடாமல் நின்றான். அவனுக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. நாலு பக்கம்தானே படித்தேன், அதற்கா இத்தனை? இதை அவளிடம் சொல்லிச் சண்டை போட வேண்டும் போல் இருந்தது. ஒரு வருஷத்தில் அவனுக்கு எதுவும் இப்படி வந்ததில்லை. காது சுட்டது.

“வெசனப்படாதீங்க மாப்ளெ. வர்ற ஆடிக்கு மறுக்காக் கேக்கலாம். மனசு மாறுவா,” என்றாள் காளியாத்தாள். கொஞ்சம் தயங்கி, “அதுக்குள்ள ஒண்ணு கேக்கோணும். அந்தக் கோபுரத்து ரூமுல அரைக்கறது யாருங்க?” என்றாள்.

தம்பிதுரை திரும்பிப் பார்த்தான்.

“என்ற புள்ள எல்லாம் சொன்னா. சாவியப் போட்டுத் திருப்பினதோட நிக்குது. காய்ச்சல்ல படுத்துட்டு, கதவைத் தொறந்திருப்பாளா, தொறந்திருப்பாளான்னு பொலம்பிட்டுக் கெடந்தா. எங்களுக்கும் அது மனசுலயே நிக்குதுங்க.”

“அதுல என்ன இருக்குது? வேலைக்காரன் மாவு திருடறான். பேயின்னு சொல்லிவெச்சா ஒருத்தனும் கிட்டப் போக மாட்டான்,” என்றார் அப்புசாமி, துண்டுக்குள்ளிருந்து.

“முப்பது வருசமாவா திருடுவான்? அந்தச் சித்தப்பனோட மூத்த தாரம்தான். கொழந்தைக்குக் களி கிண்ட அரைச்சுட்டே செத்திருப்பா,” என்றாள் சுப்பாத்தாள். “ஏனுங்க மாப்ளெ, நீங்க படிச்ச அந்த நாலு பக்கத்துல என்னதான் இருந்துது?”

நாலு பக்கம் என்ற கணக்குவரை இங்கே வந்திருக்கிறது. தம்பிதுரை தன் கை இன்னும் சன்னலில் இருப்பதைக் கவனித்தான். ஒருவர் வந்து ஒரு விறகுக் குச்சியை முட்டுக் கொடுத்துக் கதவை நிறுத்தினார். அவன் வந்து பெட்டிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

“பூட்டுத் திறந்துக்குது. அவ கதவைத் தள்ளறா. தள்ளினா உள்ளே யாரோ தள்ளற மாதிரி கதவு திருப்பித் தள்ளுது,” என்று ஆரம்பித்தான்.

“ஐயோ,” என்றாள் காளியாத்தாள்.

நாலு பக்கத்தைச் சொல்ல முக்கால் மணி நேரம் ஆயிற்று. குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விளக்கு எந்தக் கையில் இருக்கிறது? காலில் செருப்பு உண்டா? தரையில் மாவு கிடக்கிறதா இல்லையா? மாவைப் பற்றி நாலு பக்கத்தில் ஒன்றும் இல்லை. அவன் அதை ஒப்புக்கொண்டான். அறைக்குள் ஒரு திருகை இருக்கிறது. அதன்மேல் ஒரு கை இருக்கிறது. அவள் விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறாள். நாலாம் பக்கம் அங்கே முடிகிறது.

“அப்பறம்?”

“தெரியலீங்க. அவ்வளவுதான் படிச்சேன்.”

சுப்பாத்தாள் புத்தகத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தாள். அங்கேயே எடுத்துப் பிரித்துப் படிக்கச் சொல்வாள் போல இருந்தது. காளியாத்தாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

சாப்பாடு ஆன பிறகு, பெட்டியைப் பூட்டுமுன் தம்பிதுரை ஒன்று கேட்டான். புத்தகத்தின்மேல் தண்ணீர் படக் கூடாது. எண்ணெய் கூடாது. தோல் அழுகிவிடும், பூச்சி வரும்.

“சாமிக்கு மஞ்சத்தண்ணி தெளிக்காம எப்படிங்க மாப்ளெ?”

“ஒரு உறை பண்ணிக் குடுத்தனுப்பறனுங்க. புஸ்தகத்தை அதுக்குள்ள வையுங்க. பொட்டு உறைக்கு வெச்சுக்குங்க.”

காளியாத்தாள் யோசித்தாள். இதற்குப் பூக்கேட்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தாள். “சேரீங்க. ஆனா வர்ற ஆடிக்கு நீங்கதான் கொண்டாரோணும். குடுத்தனுப்பறதெல்லாம் வேண்டாம். அதுவரைக்கும் தண்ணி படாம நான் பாத்துக்கறேன்.”

மத்தியான பஸ் போய்விட்டிருந்தது. அப்புசாமி வண்டி கட்டினார்.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். தம்பிதுரை முப்பத்து நான்கை எடுத்துக்கொண்டு கோட்டைமேட்டுக்குப் போனான். ராவுத்தர் தைத்துக்கொண்டிருந்த கணக்கு நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சாக்குகளை மறுபடியும் கொண்டுவரவும் இல்லை.

“ராவுத்தரே, தப்பு என்னோடதுங்க. நீங்க சொன்ன மாதிரி ரெண்டுதான் குடுத்திருக்கேன். மூணாவது கெடைச்சுப்போச்சு.”

ஊசி நின்றது. “எங்கீங்க இருந்துது?”

“ஊட்ல அவதான் வெச்சிருக்கறா. கேட்டேன். குடுக்க மாட்டேங்கறா.”

ராவுத்தர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தார். ராசாத்தாளின் காரியத்துக்கு அவர் தொண்டாமுத்தூர் வரை வந்திருந்தவர். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க தம்பி. இப்ப நான் என்ன பண்ணோணும்?”

“ஒரு உறை வேணுமுங்க. கெட்டி அட்டையில. உள்ளுக்கு மெத்துத் துணி, மேல மெழுகுத் துணி. தண்ணி எறங்கக் கூடாது. அளவு இதேதான்.” முப்பத்து நான்கை நீட்டினான்.

ராவுத்தர் அதை வாங்கி முழக்கோலை வைத்து நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து சாக்கட்டியால் பலகையில் எழுதினார். அட்டையைத் தட்டிப் பார்த்தார்.

“எப்ப வேணுமுங்க?”

“வர்ற ஆடிக்கு.”

“அதுக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்குதே.”

“ஆமாங்க,” என்றான் தம்பிதுரை. “கொஞ்சம் தாராளமாவே தையுங்க. படிக்க மறுபடி மறுபடி வெளியில எடுக்க வேண்டியிருக்கும்.”